சாயக்கழிவு நாவல்: மெதுவாக நடக்கும் அழிவை எப்படி எழுதுவது?

நொய்யல்கரை:
நொய்யல் ஆற்றில், திருப்பூருக்குக் கீழே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த அணை, சில வருஷத்திலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வரை கதை போகிறது. சிக்கல், இத்தனை வருஷத்தில் 'அன்றைக்குத்தான் நடந்தது' என்று சொல்ல ஒரு நாள் இல்லை. அத்தியாயங்கள் செய்தித் தொகுப்பாகிவிடுகின்றன.

பனையோலை:
இந்திரா சின்ஹாவின் 'அனிமல்ஸ் பீப்பிள்' (2007) படியுங்கள். அது போபால் விஷவாயுக் கசிவை வைத்து எழுதிய நாவல். போபாலுக்கு அப்படி ஒரு இரவு இருந்தது, 1984 டிசம்பர் 2. ஆனாலும் நாவல் அந்த இரவில் தொடங்காமல் பல வருஷம் தள்ளித் தொடங்குகிறது. முதுகு வளைந்து கைகாலால் நடக்கும் பையன் டேப்பில் பேசிக்கொண்டே போகிறான். பசி, காமம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. வேதியியல் பாடம் கிடையாது. நீங்களும் 2011க்கு அப்புறம் தொடங்கலாம். பட்டறை மூடியாச்சு, கிணறு ஆறவில்லை.

உப்புத்தண்ணி:
சாயக்கதை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் 'சிவப்பாக ஓடிய ஆறு'. நிறத்தைச் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுப் பெருமளவு இறக்கிவிடலாம். உப்பு இறங்காது. பருத்தியில் அடர்நிறம் ஏற லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு போடுவார்கள். கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய அரைக்கிலோவிலிருந்து 640 கிராம் வரை. துணியில் உப்பு நிற்பதில்லை, அத்தனையும் சாக்கடைக்குத்தான். அதனால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கட்டும். தென்னையில் ஓலை நுனி கருகும், குரும்பை உதிரும், வாய்க்கால் ஓரம் காய்ந்த மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு பருவம் தள்ளித் தெரியவரும், அத்தியாயங்களை அந்த வரிசையிலேயே அடுக்கலாம். டிடிஎஸ் எண் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) ஒரே ஒரு முறை வந்தால் போதும், அதுவும் மீட்டர் வைத்திருப்பவன் வாயிலிருந்து. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை.

மேட்டாங்காடு:
பனையோலை சொன்ன காலக்கட்டு சரி. ஆனால் போபால் நாவலின் எதிரி 'கம்பனி', எங்கோ தூரத்தில் முகமில்லாமல் இருக்கிறது. அதை இங்கே ஒட்டினால் பொய்யாகிவிடும். பனியன் முதலாளிகளில் பலர் அதே பகுதி விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அண்ணன் பட்டறை வைத்திருப்பான், தம்பியின் கிணறு உப்பாகும், பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். வழக்குப் போட்டவன் மகளே பட்டறைச் சம்பளத்தில் படித்திருப்பாள். நாவல் அங்கேதான் இருக்கிறது, நீதிமன்றத்தை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுங்கள்.