கடலோரத்தில் அரசு நிதியில் வீடு: 3.5 லட்சத்தில் புயலையும் வெயிலையும் தாங்குமாறு கட்ட இயலுமா?

கேள்வி: சித்திரைப்பேட்டைப் பக்கம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். என் அத்தையின் கூரை வீட்டுக்குப் பதிலாகக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டிக்கொள்ள ஆணை வந்திருக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் 8 லட்சம் வீடுகள் என்றும், முதற்கட்டமாக 2024-25இல் ஒரு லட்சம் வீடுகளுக்கு, வீடொன்றுக்கு 3.5 லட்சம் வீதம், 3,500 கோடி ரூபாய் என்றும் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். எஞ்சிய 60 சதுர அடிக்கு எளிதில் தீப்பற்றாத வேறு கூரை அமைத்துக்கொள்ளலாம்.

2004 ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் பார்த்த எங்களுக்குத் தள வீடு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் முன்பே அரசு உதவியில் கட்டப்பட்ட அக்கம்பக்கத்துத் தள வீடுகளில் சித்திரை, வைகாசி இரவுகளில் உள்ளே படுக்க முடிவதில்லை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் படும் பாட்டை நேரில் பார்ப்பதால் கேட்கிறேன். கிடைக்கும் தொகைக்குள் வெப்பத்தைக் குறைக்க வழி உண்டா? மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் இதற்கெனத் தனி நிதி ஏதேனும் இருக்கிறதா?

பதில்: ஓய்வுபெற்ற ஊரக வளர்ச்சிப் பணியாளர், குறிஞ்சிப்பாடி

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஊரகப் பகுதிக்கான பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீடொன்றுக்கு 1.20 லட்சம் ரூபாய். அதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. 2024 ஆகஸ்டில் மேலும் 2 கோடி வீடுகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலை உறுதித் திட்டக் கூலியும் கழிப்பறைக்கான 12,000 ரூபாயும் இதனுடன் சேரும் வகையில் அத்திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் வெப்பக் காப்புக்கென்று தனித் தொகை இதிலும் இல்லை, கனவு இல்லத்திலும் இல்லை. அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்) மட்டம், தளம், நிறைவு என்று கட்டம் கட்டமாகப் பட்டியல் போட்டுப் பணம் விடுவிக்கப்படுகிறது. தளம் போட்டாயிற்றா என்பதுதான் அளவுகோலே தவிர, தளத்துக்குக் கீழே மனிதர் படுக்க முடிகிறதா என்பதன்று.

ஆற்றலுக்கென்று பணம் ஒதுக்கிய முன்னுதாரணம் நம் மாநிலத்தில் உண்டு. 2011-12இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீடொன்றுக்கான 1.80 லட்சத்தில் 30,000 ரூபாய் சூரிய மின்விளக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் செய்த செலவுதான் என்றாலும், இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தின் பெருந்துன்பம் விளக்கன்று, வெப்பம். அந்த 30,000 ரூபாய் கூரையின் மேற்பரப்புக்கும் ஜன்னல்களுக்கும் போயிருந்தால் பயன் வீடு உள்ளவரை நின்றிருக்கும். கூரைச் சூரிய மின்சாரத்துக்கு இப்போது பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் மானியம் கிடைக்கிறது. எனினும் மீதிச் செலவைக் குடும்பமே ஏற்க வேண்டும் என்பதால், தங்கள் அத்தைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில்: கட்டடப் பொறியாளர், நெல்லிக்குப்பம்

மேலே ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சட்டத்திலும் இதே இடைவெளி இருக்கிறது. குடியிருப்புகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் கடற்கரை போன்ற பகுதிகளில், உள்தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு இருக்க வேண்டும் என்கிறது அது. பெரிய குடியிருப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதால் 360 சதுர அடி வீட்டை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் கணக்கு நமக்குப் பயன்படும். சுவர் போக உள்ளே 280 சதுர அடி என்று கொண்டால் ஏறத்தாழ 47 சதுர அடி ஜன்னல் வேண்டும், அதாவது நான்கடிக்கு மூன்றடி ஜன்னல் நான்கு. பெரும்பாலான சிறு வீடுகளில் இரண்டுதான் வைக்கிறார்கள், அவையும் ஒரே சுவரில். கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால், கிழக்கில் இரண்டும் அதற்கு எதிர்ச்சுவரில் இரண்டும் வைத்தால்தான் காற்று வீட்டை ஊடுருவிச் செல்லும். மேற்கு ஜன்னல்களுக்கு இரண்டடிக்குக் குறையாத சன்ஷேடு வேண்டும்.

தளத்தைப் பொறுத்தவரை, நான்கரை அங்குலக் கான்கிரீட் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் உள்ளே விடுகிறது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிப்பது நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள முறை, நீர்க்கசிவையும் தடுக்கும். அதற்குப் பணம் போதாவிட்டால் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சாவது அடிக்க வேண்டும், அதுவும் இயலாவிட்டால் கோடைக்கு முன் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு வருவோம். அடித்தள மட்டத்தைச் சாலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2015லும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் பெருக்கெடுத்தபோதும் உங்கள் மனையில் எந்த உயரம் வரை நீர் நின்றது என்று கேட்டு, அதற்கு மேல் வையுங்கள். சுவர் நான்கையும் சுற்றி இடைவிடாமல் லிண்டல் பெல்ட், அதாவது லிண்டல் மட்டத்துக் கான்கிரீட் பட்டை, ஓட வேண்டும். கடற்கரை மணலையும் உப்பு நீரையும் கலவைக்கும், கான்கிரீட் இறுக நீர் ஊற்றுவதற்கும் தொடவே கூடாது, ஏனென்றால் உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சில ஆண்டுகளிலேயே தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். கம்பிக்குக் கீழே கவரிங் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் கொத்தனார் கான்கிரீட் கொட்ட விடாதீர்கள்.

பதில்: வில்லியனூர், புதுச்சேரி

எங்கள் பக்கம் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டுக் கல்வீடு திட்டத்திலும் பேச்சு தொகையைப் பற்றியே இருக்கிறது. அருகிலுள்ள ஆரோவில் புவி நிறுவனம், மண்ணுடன் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு சிமெண்ட் சேர்த்து, சூளையில் சுடாமல் அழுத்தியெடுக்கும் மண்கற்களைப் பல ஆண்டுகளாகப் பயிற்றுவித்து வருகிறது. விறகும் கரியும் எரிக்காத கல் என்பதால் கட்டும்போதே ஆற்றல் மிச்சமாகிறது. இப்படிப்பட்ட கல்லையும் அரசு விலைப்பட்டியலில் சேர்த்தால் பயனாளிகள் துணிந்து கேட்பார்கள். தெலங்கானா அரசு 2023இல், வெயிலைத் திருப்பியனுப்பும் கூரைகளுக்கான குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, ஏழைகளுக்கு அரசு கட்டித் தரும் வீடுகளையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. தமிழ்நாடும் புதுச்சேரியும் வீட்டுத் தொகையை உயர்த்தும் அடுத்த முறை, உயர்வில் ஒரு பகுதியைக் கூரைப் பூச்சுக்கென்றே பிரித்து அறிவிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கிராம சபையில் கூரைப் பூச்சு பற்றித் தீர்மானம் கொண்டுவரச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுக்கப் போகிறேன். பொறியாளர் ஐயா, கையில் பணம் குறைந்தால் எதை முதலில் விடலாம்?

பதில்: கட்டடப் பொறியாளர், நெல்லிக்குப்பம்

தரைக்கு டைல்ஸ், உட்பூச்சுக்குப் பட்டி, முன்பக்க அலங்கார வேலை இவற்றை ஓரிரு ஆண்டுகள் தள்ளிப்போடலாம். தட்டோடு பதிப்பதையும் பிறகு செய்துகொள்ளலாம், அதுவரை சுண்ணாம்பு போதும். அடித்தள உயரம், லிண்டல் பெல்ட், ஜன்னல்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பின்னால் மாற்ற முடியாது என்பதால் அவற்றில் குறைக்காதீர்கள். அந்த 60 சதுர அடிக்குத் தகரக் கூரை போடுவதானால் குழாய்ச் சட்டங்களைச் சுவரின் மேல் வெறுமனே வைக்காமல், பெல்ட் கான்கிரீட்டில் முன்கூட்டியே பதித்த போல்ட்டுகளில் இறுக்குங்கள்.