இரண்டாவது பிரசவம்: டி.டி. ஒன்று போதுமா? டிடாப், ஃப்ளூ ஊசியும் வேண்டுமா?

ஏற்காடு அம்மு:
அக்கா எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 18 வாரம், மூத்தவனுக்கு ஒன்றே முக்கால் வயது. நர்ஸம்மா எஸ்டேட் லைனுக்கே வந்து ஒரு டி.டி. போட்டுவிட்டு, இந்தத் தடவை இது போதும் என்றார். ஆனால் சேலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர் டிடாப், ஃப்ளூ என்று இரண்டு ஊசி எழுதியிருக்கிறார். வயிற்றுப் பிள்ளையோடு இத்தனை ஊசியா என்று மாமியார் பயப்படுகிறார். மலை இறங்கி ஏறினாலே ஒரு நாள் போகிறது, கொண்டை ஊசி வளைவில் வாந்தி வேறு. அவசியம்தானா?

அம்மாபேட்டை அக்கா:
நர்ஸம்மா சொன்னது சரிதான்மா. போன பிரசவத்தில் இரண்டு டி.டி.யும் போட்டு, 3 வருடத்துக்குள் மறுபடி உண்டானால் ஒரு பூஸ்டர் போதும். அது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்தான், கக்குவான் இருமலுக்கு டிடாப்தான் வேண்டும். பிள்ளைக்குக் கக்குவானுக்கும் சேர்த்துப் போடுகிற முதல் பென்டா ஊசியே ஆறாவது வாரத்தில்தான் போடுவார்கள், அதுவரைக்கும் நீ போட்டுக்கொண்ட ஊசியால் உன் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அதற்குக் காவல். 27-லிருந்து 36 வாரத்துக்குள் போடச் சொல்வது அதனால்தான். என் அண்ணன் பிள்ளைக்கு ஒரு மாதத்திலேயே கக்குவான் வந்துவிட்டது, இருமி இருமி முகம் நீலம் பாரித்து மூச்சை இழுக்க முடியாமல் தவித்ததை மடியில் வைத்துப் பார்த்தவள் நான். தயவு செய்து விட்டுவிடாதே.

அயோத்தியாப்பட்டணம் மீனா:
ஃப்ளூ ஊசியும் போட்டுக்கோங்க, செத்த கிருமியில் செய்தது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போடலாம், டாக்டரிடம் கேட்டால் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். எனக்கு இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். அப்புறம் கார்டில் தேதியை எழுதி வாங்குங்க. முதல் பிரசவக் கார்டு தொலைந்துபோய், போட்டதற்கு அத்தாட்சி இல்லாமல் நான் நான்கு வார இடைவெளியில் மறுபடி இரண்டு டி.டி. போட்டேன்.

இரண்டு பிள்ளை அம்மா:
ருபெல்லா, அம்மை ஊசி மட்டும் இப்போது கூடாது, அதில் இருப்பது உயிருள்ள கிருமி. எனக்குப் பிரசவம் முடிந்த பிறகுதான் ருபெல்லா போட்டார்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஏற்காடு அம்மு:
ரொம்ப நன்றி அக்கா. 28-வது வாரம் செக்கப்புக்கு எப்படியும் சேலம் வரணும், அன்றைக்கே இரண்டையும் போடக் கேட்கிறேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.