கிரானார்டு மேடு: கோட்டையா, வெறும் புல்மேடா?

கல்தச்சன்:
ஞாயிற்றுக்கிழமை டப்ளினிலிருந்து காரை எடுத்துக்கொண்டு லாங்ஃபோர்டு பக்கம் கிரானார்டுக்குப் போனோம். அயர்லாந்திலேயே உயரமான மண்மேட்டுக் கோட்டை, 543 அடி என்று எங்கோ படித்திருந்தேன். போய்ப் பார்த்தால் புல் மூடிய ஒரு மேடு, உச்சியில் புனித பேட்ரிக் சிலை. அவ்வளவுதான். ஒரு கல் சுவர்கூட இல்லை. இதற்குப் பெயர் கோட்டையா? டிரிம் ஊரின் கல்கோட்டைக்கே போயிருக்கலாம். நாங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்ட படத்தையாவது பாருங்கள், கீழே இணைத்திருக்கிறேன்.

மண்வெட்டி:
543 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து ஐயா! மேடு நிற்கும் ஊரே உயரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஊட்டியில் திண்ணை கட்டினாலும் உலக சாதனைதான்.

கல் இல்லாதது குறை இல்லை, அதுதான் விஷயமே. இங்கிலாந்துப் பக்கமிருந்து படையெடுத்து வந்த நார்மன்களில் ரிச்சர்ட் டி டூயிட் என்ற பிரபு 1199-இல் கட்டியது இது. எதிரில் பக்கத்து பிரெஃப்னி நாட்டை ஆண்ட ஓ'ரைலி என்ற ஐரிஷ் குலத்தார். கல் உடைத்து, சுண்ணாம்பு காய்ச்சி, ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது? சுற்றிலும் அகழி வெட்டினால் அந்த மண்ணே நடுவில் மேடாகிறது. மேலே மரக்கோபுரம், சுற்றி மரவேலி. கீழே வேலியடைத்த முற்றம், அதைத்தான் பெய்லி என்பார்கள். குதிரை, தானியம், ஆட்கள் எல்லாம் அங்கே. மரம் மக்கிப்போனது, மண் நிற்கிறது.

கல்தச்சன்:
சரி, அடி விஷயத்தில் நான் ஏமாந்தது உண்மை. ஆனால் மிச்சம் இருப்பதைத்தானே கண்ணால் பார்க்க முடியும்? டிரிம்மில் கோபுரத்துக்குள்ளேயே நடக்கலாம்.

மண்வெட்டி:
டிரிம்மும் முதலில் மண்ணும் மரமும்தான். 1172-இல் ஹியூ டி லேசி என்ற நார்மன் பிரபு கட்டியது எரிந்தபிறகுதான் கல்லுக்கு மாறினார்கள்.

இன்னொன்று கேளுங்கள். இந்த மேட்டைப் போட்ட டி டூயிட் எப்படிச் செத்தார் தெரியுமா? 1211-இல் ஆத்லோனில் புதிதாகக் கட்டிய கல்கோபுரம் இடிந்து தலையில் விழுந்து! அவர் குவித்த மண் 800 ஆண்டு தாண்டி நிற்கிறது.

கல்தச்சன்:
நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சிலைக்கு என்ன சொல்வீர்கள்? 1932-இல் வைத்தது. நார்மன் மேட்டில் ஐந்தாம் நூற்றாண்டுத் துறவிக்கு என்ன வேலை? எடுத்துவிட்டு ஒரு மரவேலி மாதிரியாவது வைத்தால் பிள்ளைகளுக்குப் புரியும்.

பாசிக்குளம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கிரானார்டு நார்மன்கள் கண்டுபிடித்த ஊர் இல்லை. அதற்கு முன்பே டெத்பா என்ற பழைய ஐரிஷ் நாட்டின் அரசர்களோடு சேர்த்துப் பேசப்பட்ட இடம். பேட்ரிக்கை அடிமையாக வைத்திருந்த மில்ச்சுவின் மகன் குவாசக்டை, அதே பேட்ரிக் இங்கே ஆயராக வைத்தார் என்று பழைய கதை. அதனால் சிலை ஊருக்கு அந்நியம் இல்லை. 1315-இல் ஸ்காட்லாந்து அரசரின் தம்பி எட்வர்ட் புரூஸ் படையோடு வந்து ஊரைக் கொளுத்தினார், அதையும் இந்த மேடு பார்த்தது. 1932-உம் அதன் வரலாற்றில் ஒரு அடுக்குதான்.

கல்தச்சன்:
அப்படியானால் நாளைக்கு யாராவது செல்போன் கோபுரம் நட்டாலும் அடுக்குதானா?

பாசிக்குளம்:
அது சட்டப்படி முடியாது, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். இப்போது யாராவது சிலை வைக்கக் கேட்டாலும் நானே எதிர்ப்பேன். இருப்பதைப் பிடுங்குவதற்குத்தான் மனம் வரவில்லை.

மண்வெட்டி:
சிலை விஷயத்தில் நான் கல்தச்சன் கட்சி. மேட்டின் உருவத்தைப் பார்க்க விடாமல் கண்ணை அது இழுக்கிறது.

கல்தச்சன்:
அப்பாடா, ஒன்றிலாவது! ஆனால் நீங்கள் சொன்ன பெய்லியை நான் பார்க்கவே இல்லையே, அது எங்கே?

மண்வெட்டி:
உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேட்டடியில் பிறை போல வளைந்த சமதளம், ஓரத்தில் கொஞ்சம் தூக்கலான கரை. தயிர்சாத டப்பாவை அதன்மேல்தான் திறந்து வைத்திருக்கிறீர்கள்.