சேர்வராயன் மலையில் தெரிவதும் வெள்ளிக் கோளில் தெரிவதும்: ரேடார் படத்தின் வெளிச்சத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஓமலூர் மாணவி

வணக்கம். சேலத்தில் முதுநிலை நிலவியல் படித்து வருகிறேன். செய்முறைப் பயிற்சிக்காகச் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்தில் சேர்வராயன் மலையை எடுத்துப் பார்த்தபோது, கிழக்குச் சரிவுகள் வெள்ளை வெளேரென்றும் மேற்குச் சரிவுகள் மங்கலாகவும் இருந்தன. களப்பயணத்தில் நான் நடந்து பார்த்தவரை இரு பக்கமும் சார்னோக்கைட் என்னும் ஒரே கருங்கல் வகைப் பாறைதான். ஒரே பாறை இவ்வளவு வேறுபட்டுத் தெரியுமானால், மாகெல்லன் விண்கலம் எடுத்த வெள்ளிக் கோளின் படங்களில் பளிச்சென்று தெரியும் மலைகளில் வேறு கனிமம் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அங்கே போய்ப் பாறையை உடைத்துப் பார்த்தவர் எவரும் இல்லையே.

பதில்: அடிவாரத்தான்

வணக்கம் அம்மா. உங்கள் கையில் இருப்பது இறங்குமுகப் பாதையில் எடுத்த படம். வடக்கிலிருந்து தெற்கே போகும் அந்தச் செயற்கைக்கோள் தன் வலப்புறத்தை, அதாவது மேற்கை நோக்கிச் சாய்வாக அலையை அனுப்புவதால், அதற்கு முகம் காட்டும் கிழக்குச் சரிவுகளிலிருந்து எதிரொலி அதிகமாகத் திரும்புகிறது. சேலம் சமவெளி ஏறத்தாழ 280 மீட்டரிலும் ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. அவ்வளவு ஏற்றத்தின் அடியும் முடியும் ரேடாருக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் அமைவதால், முழுச் சரிவும் சில படப்புள்ளிகளுக்குள் நெருங்கி வந்து வெளுத்துவிடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே போகும் ஏறுமுகப் பாதையின் படத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். வெளிச்சம் மேற்குச் சரிவுக்கு மாறியிருக்கும். இரண்டு படத்திலும் மாறாமல் நிற்கும் வெளிச்சம் எதுவோ, அதை மட்டும் தரையின் இயல்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சென்டினலின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களின் இலையிலும் கிளையிலும் அந்த அலை பெரும்பாலும் சிதறித் திரும்பிவிடும். ஆகவே நீங்கள் சார்னோக்கைட் என்று நினைத்துப் பார்த்ததில் பெரும்பகுதி மரத்தின் தலைதான். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் என்னும் இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளின் 24 சென்டிமீட்டர் அலை இதைவிட ஆழமாக உள்ளே இறங்கும்.

பதில்: வெள்ளி நோக்கர்

பார்வைக் கோணம் பற்றி மேலே சொன்னது வெள்ளிக்கும் பொருந்தும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அங்குள்ள மாஅட் மலையின் எரிமலை வாய் ஒன்று 1991 பிப்ரவரியில் சுமார் 2.2 சதுர கிலோமீட்டர் பரப்பிலும், அதே ஆண்டு அக்டோபரில் ஏறத்தாழ இரு மடங்காகவும் தெரிந்ததை 2023-இல் அறிவித்தார்கள். இரு படங்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து பார்க்கப்பட்டவை என்பதால், அந்த வாயைக் கணினியில் பல வடிவங்களில் உருவாக்கி, பார்வைக் கோணம் மட்டும் மாறினால் இந்த வேறுபாடு வருமா என்று சோதித்த பிறகே அது உண்மையான மாற்றம் என்றார்கள். உங்கள் செய்முறைப் பயிற்சியும் இதே ஐயத்தில்தான் தொடங்கியிருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கனிமம் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. மாகெல்லன் 12.6 சென்டிமீட்டர் அலையை அனுப்பிப் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. அனுப்பாமல் சும்மா கேட்டும் இருந்தது. தரை தன் வெப்பத்தால் தானாக வெளியிடும் நுண்ணலையை அதே ஆண்டெனா அளந்தது. கரடுமுரடான தரை ரேடாரில் வெளுத்துத் தெரிந்தாலும் அதன் உமிழ்திறன், அதாவது அப்படித் தானாக நுண்ணலையை வெளியிடும் திறன், பெரிதாகக் குறையாது. ஆனால் சுமார் 11 கிலோமீட்டர் உயரமுள்ள மேக்ஸ்வெல் மலைத்தொடரில் எதிரொலி உயர்ந்த இடங்களில் உமிழ்திறனும் சரிந்திருந்தது. பார்க்கும் கோணத்தாலோ கரடுமுரட்டாலோ மட்டும் அப்படி ஆகாது. மின்காப்பு மாறிலி மிகுந்த, அதாவது ரேடார் அலையை வலுவாகத் திருப்பி அனுப்பும் இயல்புள்ள, ஏதோ ஒரு பொருள் அங்கே இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலேதான் இது தெரிவதால், அங்குள்ள சற்றே குறைந்த வெப்பத்தில் உருவாகும் அல்லது படியும் பொருளாக இருக்கலாம் என்கிறார்கள். அது பைரைட்டா, ஈய சல்பைடா, வேறொன்றா என்பது இன்னும் தீராத விவாதம்.

பதில்: கருப்பூர் கல்

ரேடார் ஒரு கல்லின் பெயரைச் சொல்லாது. அதற்கு நிறமாலை, அதாவது கல் எந்தெந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது என்ற பதிவு, வேண்டும். நம் ஊர் வெள்ளைக்கல் சுரங்கத்தின் மேக்னசைட் 2.3, 2.5 மைக்ரான் அருகே ஒளியை உறிஞ்சும். அதே வகை மக்னீசியம் கார்பனேட்டைச் செவ்வாயின் நிலி ஃபோஸே பகுதியில் 2008-இல் கண்டறிந்தது நிறமாலைக் கருவிதான். சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண்போல ஒன்றைச் செய்ய நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறை எடுக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கல்லையும் நம் வெள்ளைக்கல்லையும் ஆய்வகத்தில் அளந்து வைத்துக்கொண்டு ரேடார் படத்துக்கு வாருங்கள்.

ஓமலூர் மாணவி

மூவருக்கும் நன்றி, ஐயா. ஏறுமுகப் படத்தையும் எடுத்துவிட்டேன். வெளிச்சம் நீங்கள் சொன்னபடியே மேற்குக்கு மாறியது. மேட்டூர் நீர்த்தேக்கம் மட்டும் முதல் படத்தில் கன்னங்கரேலென்றும் இதில் சாம்பலாகவும் இருக்கிறது. அதுவும் கோணத்தால்தானா?

அடிவாரத்தான்

பெரும்பாலும் காற்றால், அம்மா. அசையாத நீர் அலையைக் கண்ணாடிபோல அப்பால் தள்ளிவிடும். காற்றில் சிற்றலை எழுந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். இரண்டு படமும் எடுத்த நாள், நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு அந்நேரத்துக் காற்றின் வேகத்தைத் தேடிப் பாருங்கள்.