'எழுத்துச்சட்டம்' வேண்டாம், 'இயற்றுசட்டம்' சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றும் சட்டத்தை ஆங்கிலத்தில் ஸ்டாச்யூட் (statute) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'எழுத்துச்சட்டம்' என்ற சொல் பரிந்துரையாக வந்திருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்னால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

போன வாரம் ஒரு குத்தகைத் தகராறு வந்தது. நடுவில் தண்ணீர்ப் பேச்சும் சேர்ந்துகொண்டது. "முறை வெச்சுப் பாய்ச்சறது எங்க தாத்தா காலத்துச் சட்டம் சார்" என்றார் வந்தவர். அவர் சொன்னதில் தப்பில்லை. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு, சட்டத்தின் வலிமை பெற்ற வழக்கத்தையும் சட்டம் என்றே எண்ணுகிறது. விதி, அறிவிக்கை எல்லாவற்றையும்தான். ஆனால் அவர் மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்த நகல் வேறு சாதி: சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1955. சட்டமன்றம் உட்கார்ந்து இயற்றியது. ஸ்டாச்யூட் என்றால் அதுதான்.

எழுத்தில் இருப்பதுதான் அளவுகோல் என்றால் அரசாணையும் அவசரச் சட்டமும்கூட உள்ளே வந்துவிடும். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு 1952 ஆகஸ்டில் அவசரச் சட்டமாக வந்தது. அன்றே எழுத்தில் இருந்தது, செல்லுபடியும் ஆனது. சட்டமன்றம் நிறைவேற்றியது அதற்கு அப்புறம்தான். இந்த வித்தியாசத்தை 'எழுத்து' காட்டாது.

'வியவஸ்தை'யை மீட்கலாம் என்றார் ஒரு நண்பர். சோழர் காலத்தில் உத்திரமேரூர்ச் சபை தான் செய்த தீர்மானத்தைக் குறிக்கக் கல்லில் வெட்டிய சொல், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் அது இன்று "வெவஸ்தை கெட்டவன்" என்று திட்டத்தான் பயன்படுகிறது! 'நியதிச்சட்டம்' இலங்கையில் மாகாண சபைகள் இயற்றுவதற்கு நிலைத்துவிட்டது. அதில் கை வைக்க வேண்டாம்.

என் பரிந்துரை 'இயற்றுசட்டம்'. 'சட்டம் இயற்றினார்கள்' என்று செய்தித்தாளே எழுதுகிறது, புதிதாகப் பழக வேண்டியதில்லை. சுடுசோறு போல வினைத்தொகை, அதனால் நடுவில் 'ச்' வராது. தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. காவிரி மேலாண்மை ஆணையம் 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டத்தின் கீழ் வந்த திட்டத்தால் 2018இல் அமைந்தது. இப்படிச் சட்டத்தின் வழியே உருவானதை ஸ்டாச்யூட்டரி அமைப்பு என்கிறோமே, அதை 'இயற்றுசட்ட அமைப்பு' என்றால் நாக்கு புரளுமா? 'சட்டவழி அமைப்பு' எனக்குக் கொஞ்சம் லேசாகப் படுகிறது. நீங்கள் சொல்லுங்கள்.