மறு: 'ஈஸிங்' என்பதற்குத் தமிழில் 'நடை' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஈஸிங்' என்றால் அசைவூட்டத்தில் ஒரு மாற்றம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எந்த வேகத்தில் ஏறி இறங்கி நடக்கிறது என்பது. அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு 'தளர்த்தல்', 'வேகத் தணிப்பு' என்று இரண்டு சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்பதைக் கையிலிருக்கும் வேலையை வைத்தே சொல்கிறேன்.

ஒரே ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு பத்து நொடி மோஷன் கிராஃபிக்ஸ் (வடிவங்களையும் நிறங்களையும் அசையவிடும் படம்) செய்ய உட்கார்ந்தேன். நிறம் மஞ்சள். நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்), மொத்தம் 240. நீலத் திரையில் ஒரு மஞ்சள் வட்டம் மேலிருந்து இறங்கி நடுவில் நிற்கும். அப்புறம் திரையே மெல்ல மஞ்சளாகும். அவ்வளவுதான்.

வட்டம் இறங்க ஒரு நொடி, தூரம் 480 பிக்சல். முதலில் ஃபிரேமுக்கு 20 பிக்சல் என்று ஒரே சீராக ஓடவிட்டேன். யாரோ குச்சியால் தள்ளிக்கொண்டு வந்து சட்டென்று கைவிட்டது போல இருந்தது. மஞ்சளிடம் நான் தேடிய இதம் அதில் துளியும் இல்லை. வேகம் எப்படி மாற வேண்டும் என்று காட்டும் வளைகோட்டை மாற்றினேன். முதல் ஃபிரேமில் ஏறத்தாழ 39 பிக்சல் பாய்ந்து, போகப்போகக் குறைந்து, கடைசி ஃபிரேமில் ஒரு பிக்சல்கூட முழுதாக நகராமல் வந்து அமர்ந்தது. அதே தூரம், அதே ஒரு நொடி. ஆனால் வட்டத்துக்கு எடை வந்துவிட்டது.

இதில் எது தளர்ந்தது? எதுவுமில்லை. 'வேகத் தணிப்பு' பாதியைத்தான் சொல்கிறது. மெல்லத் தொடங்கி விரைவதும் ஈஸிங்தானே?

அடுத்தது நிறம். கணினியில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைச் சொல்லும் மூன்று எண்கள் (ஆர்ஜிபி). நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. ஒன்றிலிருந்து மற்றதற்கு இந்த எண்களை ஒரே சீராக மாற்றிக்கொண்டே போனால் நட்டநடுவில் மூன்றும் சமமாகி வெறும் சாம்பல் வருகிறது. இரண்டு உயிருள்ள நிறங்களுக்கு நடுவே ஒரு செத்த ஃபிரேம். மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, மெல்ல முடியும்படி வைத்ததும் அந்தச் சாம்பல் கண்ணில் தங்காமல் கடந்துபோனது. இங்கே எந்தப் பொருளும் இடம்பெயரவில்லை, ஆனாலும் இது ஈஸிங்தான். அதனால் நமக்கு வேண்டிய சொல் இடமாற்றத்துக்கும் நிறமாற்றத்துக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டின் ஓசை ஓட்டத்தை 20 வண்ணங்களாகப் பிரிக்கிறது: ஒழுகு வண்ணம், தூங்கல் வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என்று. நிறத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரே சொல்! இரவு இது நினைவுக்கு வந்தபோது 'வண்ணம்' என்றே வைத்துவிடலாமா என்று மனம் துள்ளியது. ஆனால் 'மஞ்சள் வண்ணத்தின் வண்ணத்தை மாற்று' என்று எழுத நேர்ந்தால் யாருக்கும் புரியாது. விட்டுவிட்டேன்.

அதன் பக்கத்துச் சொல்தான் 'நடை'. பாட்டுக்கும் நடை உண்டு, உரைக்கும் உண்டு. நிறத்துக்கும் இருக்கட்டுமே. 'இந்த நிறமாற்றத்தின் நடை சரியில்லை' என்றால் தொழிலில் இல்லாதவருக்கும் புரிகிறது.

வகைகளுக்கு: ஒரே சீராகப் போவது சீர்நடை, மெல்லத் தொடங்கி விரைவது முடுகுநடை, விரைந்து வந்து அடங்குவது அமர்நடை, என்னுடைய நிறமாற்றம் போல இரண்டும் சேர்ந்தது முடுகமர்நடை, இலக்கைத் தாண்டி மீள்வது துள்ளுநடை.

இப்படிப் பெயரிடுவதில் கூடுதல் பயனும் உண்டு. இணையப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் 'ஈஸ் இன்' என்றால் மெல்லத் தொடங்குவது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் 'ஈஸி ஈஸ் இன்' கீஃபிரேமை (மாற்றத்தின் தொடக்கம் அல்லது முடிவாகக் குறித்துவைக்கும் ஃபிரேமை) நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கிறது. கிட்டத்தட்ட ஒரே பெயர், நேரெதிர் வேலை. இரண்டிலும் வேலை செய்பவர்கள் இதில் குழம்பாமல் இருக்க முடியாது. 'இன்', 'அவுட்' என்பவற்றை 'உள்', 'வெளி' என்று மொழிபெயர்த்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்வோம். முடுகுகிறதா, அமர்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் அந்தச் சிக்கலே இல்லை.

எனக்கே ஓர் இடத்தில் உறுத்துகிறது. பாத்திரங்களுக்கு அசைவூட்டுபவர்கள் 'வாக் சைக்கிள்' (பாத்திரம் நடப்பதைக் காட்டத் திரும்பத் திரும்ப ஓடும் அசைவு) என்பதை 'நடைச்சுழல்' என்று சொல்லத் தொடங்கினால், அந்த நடையும் இந்த நடையும் மோதிக்கொள்ளும். 'நடைச்சுழலுக்கு அமர்நடை கொடு' என்ற வாக்கியம் உங்களுக்கு இடறுகிறதா? அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். இடறுகிறது என்றால் வகைப்பெயர்களில் முடுகு, அமர் என்ற வேர்களை அப்படியே வைத்துக்கொண்டு, பொதுச்சொல்லை மட்டும் 'ஒழுக்கு' என்று மாற்றிப் பார்க்கலாம்.

அன்புடன்.