கடைசியாக டார்க் ரூமில் ஹைப்போ (பிரிண்ட் படம் அழியாமல் நிலைநிறுத்தும் ரசாயனம்) வாசம் பிடித்தது எப்போது? புகைப்படக்காரர்கள் நாலு பேர் புனைபெயரில் எழுதிக்கொண்டது:

பழைய என்லார்ஜர்:

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் கருவி) இறங்கியது. கூடவே ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிரிண்ட் போடும் தாள் ஒரு பாக்கெட், கறுப்பு உறையோடு. ஒரு காலத்தில் 12க்கு 15 அங்குல பிரிண்ட் ஒன்று உருப்படியாக வர ஒரு ராத்திரி போய்விடும். துண்டுத் தாளில் ஐந்து ஐந்து நொடியாக வெளிச்சம் காட்டிப் பார்க்க வேண்டும். முகம் கறுக்காமல் இருக்கக் கம்பியில் ஒட்டிய அட்டையை ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். ஒரே நெகட்டிவ்தான், ஆனால் இரண்டு பிரிண்ட் ஒன்றுபோல வந்ததே இல்லை. இப்போது டிஜிட்டலில் ஐம்பது போட்டாலும் அச்சுப் பிசகாமல் ஐம்பது.

டிஜிட்டல் வந்து உங்கள் வேலை மாறிவிட்டது என்று நேரில் உறைத்த சம்பவம் ஏதாவது உண்டா? இருந்தால் எழுதுங்கள்.

பருத்தித் தாள்:

உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து வைத்த கண்காட்சி அது. என் படத்தின் கீழ் பென்சிலில் 3/10 என்று எழுதியிருந்தேன், பத்தே பிரிண்டில் இது மூன்றாவது என்று அர்த்தம். ஒரு அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: “பத்துதானா தம்பி? பைல் உங்ககிட்டத்தானே இருக்கு?”

“நெகட்டிவ் காலத்துலயும் அப்படித்தானேம்மா.”

“நெகட்டிவ்ல கீறல் விழும், பூஞ்சை பிடிக்கும். இது தேயுமா?”

எனக்குப் பதில் வரவில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941ல் எடுத்த ‘ஹெர்னாண்டஸ் நிலவு’ படத்தைப் பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். வருஷம் ஆக ஆக வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். அதனால் எந்தக் காலத்துப் பிரிண்ட் என்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. என்னுடையதில் முதலாவதும் பத்தாவதும் ஒன்றுதான். பத்து முடிந்ததும் நெகட்டிவை எரித்துவிடுவேன் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என் பைல் மூன்று ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. நான் எதை எரிப்பது?

ஆனால் இங்க் பிரிண்ட் என்றாலே மட்டம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பாடகர் கிரஹாம் நாஷ் 1991ல் கலிபோர்னியாவில் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸில், அச்சகங்கள் புரூஃப் பார்க்க வைத்திருந்த ஐரிஸ் இங்க்ஜெட் இயந்திரத்தில்தான் கலைப்படங்களைப் போட்டார்கள். அந்த இங்க் சீக்கிரம் வெளுத்துப்போகும். இன்றைய பிக்மென்ட் இங்க் (நிறமித் துகள் கலந்தது) அப்படியில்லை. பருத்தித் தாளில் அது தரும் கறுப்பை விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும் (தொடாதீர்கள், ரேகை விழும்).

கம்பம் பிடுங்கி:

என் கதையில் தப்பு என் பேரில்தான். ஏரிக்கரை, விடியற்காலை, நாரைக்கூட்டம். ஓரத்தில் ஒரு மின்கம்பம். அதை அழித்துவிட்டு இயற்கைப் பிரிவுப் போட்டிக்கு அனுப்பினேன். ரா பைல் (கேமரா பதிந்த அசல்) கேட்டார்கள், கொடுத்தேன், வெளியே போட்டார்கள். அந்தப் பிரிவில் ஓரத்தை வெட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கக் கூடாது. அதே படம் வேறொரு போட்டியில் கலைப் பிரிவில் பாராட்டு வாங்கியது.

ஜெர்மன் புகைப்படக்காரர் ஆந்திரியாஸ் குர்ஸ்கி தன் ரைன் நதிப் படத்தில் எதிர்க்கரைக் கட்டிடத்தையே கணினியில் எடுத்துவிட்டார். 1999ல் செய்த படம், 2011ல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. நான் பிடுங்கியது ஒரே ஒரு கம்பம்! கணினியே இல்லாத 1857லும் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்திருக்கிறார். அதனால் அழிப்பதும் ஒட்டுவதும் எனக்கு உறுத்தவில்லை.

உறுத்துவது வேறு. பிலிம் இருந்தபோது அந்தக் கம்பத்துக்காக நாலடி நகர்ந்திருப்பேன், சேற்றில் கால் வைத்திருப்பேன். நகர்ந்த இடத்தில் வேறு படமே கிடைத்திருக்கலாம். அன்றைக்கு ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நின்ற இடத்திலேயே நின்றேன். இப்போதெல்லாம் எடுக்கும்போது கம்பம் கண்ணிலேயே படுவதில்லை.

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருஷம்:

நான் டார்க் ரூமே பார்த்ததில்லை. வகுப்பில் போரிஸ் எல்டாக்சன் பற்றிப் பேச்சு வந்தது. 2023ல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் ஜெயித்துவிட்டு, ‘இது ஏஐ செய்த படம்’ என்று பரிசை வேண்டாமென்றாரே, அவர்தான். நாமும் செய்து பார்ப்போமே என்று பாம்படம் போட்ட ஒரு பாட்டியை உருவாக்கினேன். கறுப்பு வெள்ளை, ஜன்னல் வெளிச்சம், சுருக்கம் சுருக்கமாக முகம். வகுப்பில் எல்லாரும் அசந்துபோனார்கள்.

ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் போனை நீட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். “காது வளத்தவளுக்கு ஓட்டை எங்கட்டி?” அப்போதுதான் கவனித்தேன். பாம்படம் காதிலிருந்து தொங்கவில்லை, கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் இதையும் சரியாகச் செய்துவிடும், தெரியும். ஆனாலும் மறுநாள் காலை ஆச்சியை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தேன். முப்பத்தாறு படம். எல்லாவற்றிலும் முறைக்கிறாள்.

பழைய என்லார்ஜர்:

அந்த முறைப்பைப் பிரிண்ட் போடும்மா, பெரிய சைஸில்.

நேற்று ‘இந்து’ பாக்கெட்டைப் பிரித்தேன். ஒரு தாளை டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) போட்டால் படமே இல்லாமல் சாம்பலாக வந்தது. பழசாகி அத்தனையும் மங்கிக் கெட்டுப்போயிருக்கிறது. சரி, போகட்டும் என்று இன்னொரு தாளின் மேல் வேப்பிலைக் கொத்தைப் பரப்பி, கண்ணாடி வைத்து, மொட்டைமாடி வெயிலில் மதியம் வரை போட்டேன். கறுப்பு வெள்ளைத் தாள்தான், ஆனால் ஊதாவும் செங்கல் நிறமுமாக இலை எழும்பியிருந்தது. ஹைப்போவில் போட்டால் நிறம் போய்விடும். போடாவிட்டால் வெளிச்சம் பட்டுப் பட்டு மொத்தமும் கறுத்துவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டு மகனைக் கூப்பிட்டு, முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன்.

பாக்கெட்டில் இன்னும் பதினெட்டுத் தாள் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?